மூக்குக்காரன் காரி சொன்ன சாட்சி

கேளுங்கள். பெரியவர்கள் காலை நீட்டி உட்காருங்கள், சிறியவர்கள் சத்தம் போடாமல் கேளுங்கள். கப்பல்கள் காற்றை நம்பியே ஓடிய காலத்தில், கடற்கரையில் ஒரு பட்டினம் இருந்தது. அந்தப் பட்டினத்தை ஓர் அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். அவசரக்காரனுடைய நல்ல குணம் எந்தக் காலத்தில் யாருக்கு உதவியிருக்கிறது?

அந்தப் பட்டினத்துக்குப் பேர் வாங்கித் தந்தது முத்தும் இல்லை, துணியும் இல்லை. ஒரு தைலம். அதற்கு முப்பொழுது என்று பெயர்.

கிராம்பு, சாதிக்காய், திப்பிலி, ஏலம் எல்லாவற்றையும் இடித்து, சந்தன எண்ணெயில் ஊறவைத்து, அகில் புகை காட்டி, மண் சாடியில் அடைத்துக் கழுத்துவரை மணலில் புதைப்பார்கள். மூன்று மழைக்காலம் அது மணலுக்குள் பழுக்க வேண்டும். பழுத்த தைலத்தில் ஒரு சொட்டு எடுத்துக் காலையில் மார்பில் தடவினால், முதலில் கிராம்பின் காரம் மூக்கைச் சுடும். உச்சிவேளையில் காரம் அடங்கிச் சாதிக்காயின் இதம் வரும். பொழுது சாயும்போது அகில் வரும். கோயில் கதவைத் திறந்த மாதிரி இருக்கும். துணியில் பட்டால் மூன்று வெளுப்புக்கும் போகாது.

ஒரு சிமிழ் தைலத்துக்கு ஒரு கறவைப் பசு. கடல் கடந்து வரும் வணிகர்கள் அதற்கும் சரி என்றார்கள், அதற்கு மேலும் சரி என்றார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் உப்புக் காற்றைக் குடித்து வருகிற கப்பல்காரனுக்கு மூக்கு எங்கே இருக்கும்? நல்ல தைலம் எது, நேற்றுக் கலந்த பச்சைத் தைலம் எது என்று அவனுக்குத் தெரியாது. அரசனுக்கும் தெரியாது. தைலக்கூடத்து அதிகாரிக்கும் தெரியாது. அந்தப் பட்டினத்தில் அது தெரிந்தவன் ஒருவன்தான். அவன் பெயர் காரி. மூக்குக்காரன் காரி என்பார்கள்.

சிமிழை மூடுமுன் காரி அதை முகர்வான். தலையை ஆட்டுவான். மூடித் தேன்மெழுகு வைத்ததும், மெழுகு இளகியிருக்கும்போதே தன் கட்டைவிரலை அதில் பதிப்பான். அந்த விரல் தடம் இருந்தால் வாங்குகிறவன் மறுபேச்சுப் பேசமாட்டான். தடம் இல்லாவிட்டால் தங்கக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாலும் தொடமாட்டான். கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொருளுக்கு அவ்வளவு விலை வந்தது என்றால், அந்த விலை எங்கே இருந்தது? சாடியில் பாதி, காரியின் சொல்லில் பாதி.

காரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாலையில் கூடத்து வாசலில் நிற்பான். வேலை முடித்தவர்கள் தவிட்டாலும் மோராலும் கை கழுவிவிட்டு வரிசையாக வருவார்கள். காரி உள்ளங்கையை முகர்வான், கொண்டையை முகர்வான், மடியை முகர்வான். பழுத்த தைலத்தின் வாடை யாரிடமாவது இருந்தால் அவன் திருடன். திருடிய கையை மணிக்கட்டோடு எடுத்துவிட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். காரி வாசலில் நின்ற இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கையும் போனதில்லை. அவனை ஏமாற்ற முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு பேர் வாங்கியவன் சந்தோஷமாக இருந்தானா என்றால், இல்லை.

கூடத்துக்குள்ளே கலவைக்காரர் ஆசனம் என்று ஒரு மரப்பலகை இருந்தது. எந்தச் சரக்கை எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்று சொல்கிறவன் அதில் உட்காருவான். காரிக்கும் அவன் சிநேகிதன் சேந்தனுக்கும் இளவயதாக இருந்தபோது அந்த ஆசனம் காலியாயிற்று. இருவரில் ஒருவருக்கு என்று அதிகாரி முடிவு செய்தார்.

கலவைக்காரனைத் தேர்வு செய்ய அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாற்பது நாள் வெங்காயம், பூண்டு, பெருங்காயம் மூன்றையும் தொடக்கூடாது. நாற்பதாம் நாள் மூக்கைச் சோதிப்பார்கள். காரி முப்பத்தொன்பது நாள் இருந்தான். அன்று மாலை அவனுக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது. அவன் தாய் பொறுக்கமாட்டாமல் இரண்டு பல் பூண்டை நசுக்கிக் கஞ்சியில் போட்டுக் கொடுத்துவிட்டாள். காரி குடித்தான். வெளியே சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பக்கத்தில் நின்ற சேந்தன்தான் திரும்பிப் பார்த்தான்.

"ஐயா, காரி பூண்டு சாப்பிட்டிருக்கிறான்" என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அவன் அப்படித்தான். உள்ளதைச் சொல்வான், அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்கமாட்டான்.

ஆசனம் சேந்தனுக்குப் போயிற்று. காரி வாசலுக்கு வந்தான்.

சேந்தன் சொன்னது உண்மைதான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஒரே தட்டில் சோறு தின்றவன் அதைச் சொல்லலாமா? இந்தக் கேள்வியைக் காரி காலையில் கேட்டான், உச்சியில் கேட்டான், மாலையில் கேட்டான். இருபத்திரண்டு வருஷம் கேட்டான். சேந்தனுக்குக் கொற்றி என்ற பெண்ணோடு கல்யாணம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்துகொண்டும் கேட்டான். தன் தாய் செத்த அன்று, பாடை தூக்கவந்த சேந்தனைப் பார்த்துக்கொண்டும் கேட்டான். தினமும் மாலையில் சேந்தன் இரண்டு கையையும் நீட்டுவான். காரி மற்றவர்களை ஒரு மூச்சு முகர்ந்தால் சேந்தனை மூன்று மூச்சு முகர்வான். ஒரு துளியாவது ஒட்டியிருக்காதா என்று தேடுவான். ஒரு நாளும் ஒட்டியிருக்கவில்லை.

அப்படியிருக்கையில் அரசனுடைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. வைகாசியில் முகூர்த்தம். மூன்று மழைக்காலம் பழுத்த சாடி ஒன்றை மணப்பெண்ணுக்கென்றே வைத்திருந்தார்கள். அதிகாரி மூடியைத் திறந்து, அளவுகோலை உள்ளே விட்டார். கோல் பாதிவரைதான் நனைந்தது.

மீதிப் பாதி எங்கே?

பக்கத்தில் நின்று பார்த்த அரசன் அங்கேயே குதித்தான். "என் மகளுடைய சாடியிலேயே கையை விட்டானா? இன்று பொழுது சாய்வதற்குள் அந்தக் கை எனக்கு வேண்டும்" என்றான்.

சாடியை வெளியே எடுத்துப் பார்த்திருந்தால் அப்போதே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் சாடியை எடுக்கக்கூடாது. மணலில் பழுக்கும் சாடிகள் ஒன்றோடொன்று நெருக்கமாக நிற்கும். ஒன்றை அசைத்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் கலங்கிக் கெட்டுப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வருஷத்தில் ஒரே நாள், ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், எல்லாச் சாடியையும் தூக்கி மணல் மாற்றுவார்கள். மற்ற நாளில் ஒரு விரற்கடைகூட அசைக்கமாட்டார்கள்.

ஆகவே காரியைக் கூப்பிட்டார்கள்.

காரி உள்ளே போனான். சாடியின் வாய்ப்பக்கம் குனிந்தான். பிறகு இன்னும் குனிந்தான். வாடை மேலிருந்து வரவில்லை. கீழே மணலிலிருந்து வந்தது. ஒரு சிட்டிகை மணலை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனான். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. சாடியின் இடுப்பில் எங்கோ மயிரிழை போல ஒரு விரிசல். அந்த விரிசல் மட்டத்துக்குத் தைலம் இறங்கி நின்றுவிட்டது. யாரும் திருடவில்லை. மண் குடித்துவிட்டது.

மண் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லத்தான் காரி வாசலுக்கு வந்தான். அதை மறைக்கக்கூடாது, அவன் சொல்லத்தான் வந்தான்.

வாசலில் வேலையாட்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப் பேர் பயத்தில் வெளிறிப்போயிருந்தார்கள். அவர்கள் பயத்தைப் போக்கலாம் என்று நினைத்தோ என்னவோ, சேந்தன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

"சீக்கிரம் முகர்ந்து முடி, காரி. வயிறு காய்கிறது. பயப்படாதே, இன்றைக்கு நீ என்ன தின்றாய் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்றான்.

வரிசை முழுவதும் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பூண்டுக் கதை அந்தக் கூடத்தில் தெரியாதவர் இல்லை.

காரியின் வாயில் இருந்த சொல் உள்ளே போய்விட்டது.

அவன் சேந்தனுடைய வலது கையைப் பிடித்தான். ஒரு மூச்சு முகர்ந்தான். இரண்டு மூச்சு முகர்ந்தான். மூன்று மூச்சு முகர்ந்தான். அந்தக் கையில் தவிடும் மோரும் பச்சைக் கிராம்பும்தான் மணத்தன.

"பழுத்த வாடை அடிக்கிறது" என்றான் காரி.

சிரிப்பு நின்றது.

"என்னடா சொல்கிறாய்?" என்றான் சேந்தன். "நான் பச்சைச் சரக்கைத் தொடுகிறவன். பழுத்ததை நான் ஏன் தொடப்போகிறேன்? நன்றாகப் பார், காரி."

"பார்த்துவிட்டேன்."

அதிகாரி வந்து சேந்தனுடைய கையை முகர்ந்தார். அவருக்கு வாசனையாக இருந்தது, அவ்வளவுதான். பச்சையா பழுத்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? "காரி சொன்னால் சரி" என்றார். அரசனும் "காரி சொன்னால் சரி" என்றான். வரிசையில் நின்றவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்கள். மறுசாட்சி கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு.

பொழுது சாய்வதற்குள் சேந்தனுடைய வலது கை போயிற்று.

மறுநாளிலிருந்து கூடத்துக்குக் கொற்றி வந்தாள். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. கிராம்பு புடைக்கிற வேலை கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் அவளும் மற்றவர்களைப் போல வாசலில் வந்து நின்று கையை நீட்ட வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் பேசாமல் நீட்டினாள். காரி முகர்ந்து, போ என்று தலையை ஆட்டினான்.

இரண்டாம் நாள், "நன்றாக முகருங்கள், அண்ணே. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து இனி மூன்று கைதான்" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் வருவதைப் பார்த்ததுமே காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போம்மா, போ" என்றான். அவள் நகரவில்லை.

"முகராமல் அனுப்பினால் உங்கள் வேலை என்ன ஆவது, அண்ணே? ஊரே உங்கள் மூக்கை நம்பி இருக்கிறது. முகருங்கள்."

பின்னால் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரி குனிந்து அந்தக் கையை முகர்ந்தான்.

இப்படியே ஆனி போயிற்று, ஆடி போயிற்று. காரிக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எதை நினைத்து ஏங்கினானோ அது நடந்துவிட்டது. நடந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சேந்தன் விழுந்தால் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தான். ஆறவில்லை. இருந்த கோபத்தின் மேலே ஒரு பயமும் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐப்பசி வரும். மழை விழும். மணலை மாற்றுவார்கள். வாசனை அதற்குள் போய்விடாதா? போகாது என்று அவனைவிடத் தெரிந்தவன் யார்?

ஒருநாள் அரண்மனை வாசல்வரை போனான். காவலன் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டான். ஒருநாள் அதிகாரி வீட்டுக்குப் போனான். அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வருகிறேன் என்று திரும்பிவிட்டான். ஒருநாள் சேந்தன் வீட்டுக்கே போய் வேலியோரம் நின்றான்.

சேந்தன் முற்றத்தில் உட்கார்ந்து இடது கையால் சோறு அள்ளப் பழகிக்கொண்டிருந்தான். பாதி வாய்க்குப் போயிற்று, பாதி மடியில் விழுந்தது.

"யார், காரியா? ஏன் அங்கேயே நிற்கிறாய்? வா" என்றான்.

காரி வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன்" என்றான் சேந்தன். "நான் எடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். நீ பொய் சொல்கிற ஆள் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். அப்படியானால் உன் மூக்குத்தான் அன்றைக்குத் தவறியிருக்கிறது. நமக்கும் வயதாகிறது இல்லையா? என்ன செய்வது? மூக்கும் ஓர் உறுப்புத்தானே."

உள்ளேயிருந்து கொற்றி வந்தாள். காரியை மேலும் கீழும் பார்த்தாள். "மூக்கு தவறியவர் ஏன் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?" என்றாள். சொம்பில் தண்ணீர் எடுத்துத் தன் புருஷன் கையை மட்டும் கழுவிவிட்டாள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சேந்தன் அழுதிருப்பான், அல்லது அடித்திருப்பான். எதுவானாலும் அது நாலு சுவருக்குள் இருந்திருக்கும். காரி சொல்லவில்லை. வாசல்வரை வந்த உண்மையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனான்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசி வந்தது. முதல் மழை விழுந்தது.

மணல் மாற்றும் நாளில் அரசன் நேரில் வந்து உட்காருவது வழக்கம். கடல்தாண்டி வந்த வணிகர்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். முதல் சாடியைத் தூக்கினார்கள். மணல் மணலாக இருந்தது. இரண்டாம் சாடியைத் தூக்கினார்கள். மணல் மணலாக இருந்தது. மூன்றாவது, அரசன் மகளுடைய சாடி. அதைத் தூக்கியதும் தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

குழியிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. உப்புக் காற்றில் மூக்கு மரத்துப்போன கப்பல்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். குழியின் மணல் எண்ணெய்க் கசிவில் கருத்துக் கிடந்தது. சாடியின் இடுப்பில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடியது.

மணல் சுமக்க வந்த பெண்களில் கொற்றியும் இருந்தாள். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"மண்ணுக்குக் கை இல்லையே, அரசே" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

அரசன் தலை குனிந்தான். பிறகு தலையை நிமிர்த்திக் காரியைப் பார்த்தான்.

"காரி, அன்றைக்குத் தவறியது உன் மூக்கா, உன் வாயா? மூக்கு என்றால் அது வயதின் குற்றம். வீட்டுக்குப் போ, சாகும்வரை அரண்மனைச் சோறு வரும். வாய் என்றால் சேந்தனுக்கு நடந்தது உனக்கும் நடக்கும். சொல்."

காரி குழியைப் பார்த்தான். அவனிடம் ஆசனம் இல்லை, மனைவி மக்கள் இல்லை, பெருமை என்று இருந்தது அந்த மூக்கு ஒன்றுதான். அதையும் விற்றான்.

"மூக்குத்தான், அரசே. எனக்கு இப்போதெல்லாம் ஒன்றும் தெரிவதில்லை" என்றான்.

வணிகர்கள் முணுமுணுத்தார்கள். அரசனோடு வந்திருந்த மந்திரிக்கும் நம்பிக்கை வரவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேந்தன் முன்னே வந்தான்.

"இதை நான் இவனிடமே சொல்லியிருக்கிறேன், அரசே. இவன் பொய் சொல்லமாட்டான். சந்தேகமாக இருந்தால் உங்கள் கண்முன்னே காட்டுகிறேன்" என்றான்.

காரியைக் காப்பாற்றத்தான் வந்தான். இதைக் கேட்கிறவர்கள் மறக்கக்கூடாது. கை போனவன் கையை எடுத்தவனைக் காப்பாற்ற வந்தான்.

சேந்தன் இடது கையால் மூன்று கிண்ணம் எடுத்துவைத்தான். காரியின் கண்ணைத் துணியால் கட்டினார்கள்.

முதல் கிண்ணத்தில் திப்பிலிப் பொடியைக் கரைத்து நீட்டினான். "என்ன தெரிகிறது?"

"ஒன்றும் தெரியவில்லை."

இரண்டாம் கிண்ணத்தில் கிராம்பு எண்ணெயை ஊற்றி நீட்டினான். "என்ன தெரிகிறது?"

"ஒன்றும் தெரியவில்லை."

"பார்த்தீர்களா?" என்று சேந்தன் எல்லோரையும் சுற்றிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இன்னும் ஒன்று பாக்கி. கைக்கு என்ன கிடைக்கிறதென்று பார்த்தான். குழியில் கிடந்த கருத்த மணலில் ஒரு பிடி அள்ளி மூன்றாம் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, காரியின் முகத்தருகே நீட்டினான்.

மக்களே, அந்தத் தைலம் மூன்று மழைக்காலம் சாடியில் பழுத்தது. அதன்பிறகு மண்ணைக் குடித்து, வெயிலைக் குடித்து, புதுமழையையும் குடித்திருந்தது. அப்படி ஒரு வாசனையை அந்தப் பட்டினம் அதுவரை செய்ததில்லை. இனியும் செய்ய முடியாது. கிராம்பும் அதில் இருந்தது, சாதிக்காயும் இருந்தது, அகிலும் இருந்தது. மூன்று பொழுதும் ஒரே பொழுதாக வந்தது. அதற்கு அடியில் நனைந்த மண்ணின் குளிர்ச்சி ஒன்று இருந்தது.

காரி ஒரு மூச்சு இழுத்தான்.

"என்ன தெரிகிறது?" என்றான் சேந்தன்.

"ஒன்றும்..." என்று ஆரம்பித்தான் காரி. முடிக்கவில்லை. இன்னொரு மூச்சு இழுத்தான். அவன் மார்பு விரிந்தது. தலை தானாகக் கிண்ணத்தின் மேல் சாய்ந்தது. மூன்றாவது மூச்சை இழுத்தான். கட்டிய துணிக்குக் கீழே கண்ணீர் இறங்கியது.

ஒன்றும் தெரியாதவன் எதற்கு இரண்டாம் மூச்சு இழுக்க வேண்டும்? எதற்கு மூன்றாம் மூச்சு இழுக்க வேண்டும்?

எல்லோரும் பார்த்தார்கள். முதலில் பார்த்தவன் சேந்தன். அவன் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவனுக்கு அதை வைக்கவே வெகு நேரம் ஆயிற்று.

"என்ன சேந்தா?" என்றான் அரசன். "இவனுக்கு மூக்கு இருக்கிறதா, இல்லையா?"

பொய் சொல்லலாமா என்று சேந்தன் தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை யோசித்தான் என்றால் அது அப்போதுதான். ஆனால் அவனுக்கு அது வரவில்லை.

"இருக்கிறது, அரசே" என்றான். "இவனைப் போல மூக்கு உலகத்திலேயே வேறு யாருக்கும் இல்லை."

காரி கண்கட்டை அவிழ்த்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

அரசன் வாளுக்குக் கை நீட்டினான். கொற்றிதான் தடுத்தாள்.

"வேண்டாம், அரசே. அந்தக் கையை வெட்டி எடுத்து என் புருஷனுக்கா ஒட்டப் போகிறீர்கள்? இரண்டும் இருக்கட்டும். தினமும் பார்த்துக்கொள்ளட்டும்" என்றாள்.

அப்படியே விட்டுவிட்டார்கள்.

வணிகர்கள் அன்றே தங்கள் சிமிழ்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "இந்த விரல் தடம் பகைக்காக ஒருமுறை பொய் சொன்னது. ஆசைக்காக எத்தனை முறை சொல்லியிருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். தைலம் அதே தைலம்தான். ஒரு சொட்டும் கெடவில்லை. ஆனால் வாங்க ஆளில்லை. அடுத்த காற்றில் வந்த கப்பல்கள் தெற்கே வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன. பசு விலைக்கு விற்ற முப்பொழுதை விளக்குக்கு ஊற்றி எரித்தார்கள். கூடத்தில் வௌவால் தொங்கியது. அதில் வேலை செய்த அறுபது குடும்பமும் ஊர் ஊராகப் பிரிந்து போயிற்று. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சேந்தனும் கொற்றியும் கடைசியாகப் போனார்கள். போகும் வழியில் காரி நின்றிருந்தான். சேந்தா என்று கூப்பிட்டான். சேந்தன் கேட்காத மாதிரி நடந்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, பிறகும் எந்த நாளிலும் சொல்லவில்லை. இந்தக் கதையை வேறு மாதிரி முடிக்கிறவர்கள் உண்டு. கட்டிப்பிடித்து அழுதார்கள் என்பார்கள். அது பொய். ஒரு கையால் எப்படிக் கட்டிப்பிடிப்பது?

காரி வெகுகாலம் உயிரோடு இருந்தான். மூக்கு கடைசிவரை மங்கவில்லை. கடைத்தெருவில் நடந்து போவான். எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால், "அம்மா, இந்த எண்ணெய் கெட்டுவிட்டது, வாங்காதே" என்பான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதே எண்ணெயை வாங்கிக்கொண்டு போவாள். மீன் அழுகியது என்பான், நெய்யில் கலப்படம் என்பான். எல்லாம் உண்மை. ஒருவரும் காது கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவனும் சொல்வதை விட்டுவிட்டான். ஊரில் இருக்கிற அத்தனை உண்மையும் மூக்கு வழியாக உள்ளே போயிற்று, வாய் வழியாக ஒன்றும் வெளியே வரவில்லை. அப்படியே செத்தான்.

ஆகவே, கேட்டவர்களே, மனத்தில் பகையை வைத்துக்கொண்டு பொய்ச்சாட்சி சொல்கிறவன் தன் எதிரியை ஒருமுறைதான் கெடுக்கிறான், தன் சொல்லின் மதிப்பையோ என்றைக்குமாக இழந்துவிடுகிறான்.